ஷூவுக்குத் தைத்த பாவாடை

வாங்கம்மா. வெயில்ல நிக்காதிய, உள்ள வந்து அந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஆடும், ஆனா விழாது. முப்பது வருசமா ஆடிக்கிட்டுதான் இருக்கு.

அந்தப் பெட்டியில ஷூதான? மெஷின் மேல வைங்க. என்ன செய்யணும்னு நீங்க சொல்லவே வேண்டாம். ஷூ விளிம்பைச் சுத்தி வெல்க்ரோ தைக்கணும், கரகரன்னு ஒட்டுமே, அது. அது மேல ஒட்டுத மாதிரி, கெண்டைக்கால் வரைக்கும் துணியில ஒரு உறை. மணல் ஒரு பொடி உள்ள போகக் கூடாது. பாலைவனத்துல ஓடுதவங்களுக்கு. சரிதான? இங்கிலீசுல அதுக்கு ஒரு பேரு உண்டு, என் வாய்க்குள்ள நிக்காது. நாங்க இந்தக் கடையில ஷூவுக்குப் பாவாடைன்னு சொல்லுவோம்.

நாங்கன்னா நானும் என் மவளும்.

தைச்சுத் தாரேன். ஆனா ஒரு விசயத்தைச் சொல்லிட்டுத்தான் தைப்பேன். எதிர்த்த டீக்கடையில வழி கேட்டிருப்பிய, அங்க டீ போடுத கோயில்மணி சொல்லாம விட்டிருக்க மாட்டான். சீட் கவர் சுயம்பு பெத்த மவ காலையே பாழாக்கிட்டான்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு. அப்படி இல்லம்மா. நூல் மாறிப்போச்சு, அவ்வளவுதான். கரண்டு இல்ல. ரெண்டு நூல்கண்டும் ஒரே சாம்பல் நெறம். கை மாறி எடுத்துட்டேன். இதுல வேற ஒண்ணும் கிடையாது. கேளுங்க.

மவ பேரு வைரக்கனி. மதுரையில, ரயில்வேயில டிக்கெட் பரிசோதகர். ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்சுத்தான் அந்த வேலையே கிடைச்சுது. அவ அம்மா போய்ச் சேந்து பதினோரு வருசம். கல்யாணம் வேண்டாம்னுட்டா. நானும் ரெண்டு வருசம் கத்திப் பாத்துட்டு விட்டுட்டேன். விட்டுட்டேன்னா, வருசத்துக்கு ரெண்டு தடவைதான் கேப்பேன்.

போன வருசம் ஆனி மாசம், முதுகுல ஒரு பெரிய பையோட வந்து வாசல்ல நிக்கா. எப்பா, நாப்பது நாள் லீவு போட்டிருக்கேன்னா. எனக்குச் சந்தோசம் தாங்கல. எதுக்குட்டி லீவுன்னு கேட்டேன். தேரியில ஓடணும்னா.

தேரி தெரியும்லா? நீங்க வந்த பஸ்சு அதை ஒட்டித்தான் வந்திருக்கும். செவச் செவன்னு மணல் மேடு, ஊர் கணக்கா விரிஞ்சு கிடக்கும். ஆனி ஆடிக் காத்துல மேடு இடம் மாறி உக்காரும். நேத்து நடந்த பாதை இன்னைக்கு இருக்காது. பாலைவனத்துல ஓடப் போறவளுக்கு அதைவிட நல்ல இடம் எங்க இருக்கு? எங்கயோ ஆப்பிரிக்காப் பக்கம் பந்தயமாம். ஆறு நாளு. இருநூத்தம்பது கிலோமீட்டரு. தண்ணியும் படுக்கக் கூடாரமும் மட்டும் அவங்க குடுப்பாங்களாம். சோறு, படுக்கை, மருந்து எல்லாம் ஓடுதவ முதுகுலதான் போகணும்.

எனக்கு இதெல்லாம் வெளங்கல. கோயில்மணிக்கு அதுக்கு மேல வெளங்கல. அண்ணாச்சி, ஒம்ம மவளுக்கு ரயில்வேயில ஓசிப் பாஸ் உண்டே, பெறவு எதுக்கு ஓடுதான்னு கேட்டான்.

பையில ஒவ்வொண்ணா எடுத்து வைக்கா. கத்தி, விசில், கண்ணாடி, திசை காட்டுத கருவி, பாம்பு கடிச்சா விசத்தை உறிஞ்சுத ஒரு குழாய், பத்தே பத்து ஊக்கு. ஊக்கு எதுக்குட்டின்னா, கட்டாயமாம். பத்துல ஒண்ணு குறைஞ்சாலும் ஓட விட மாட்டாங்களாம். ஆனா மத்த எல்லாத்துலயும் எடை குறைக்கணும். பல்லு விளக்குத பிரஷைப் பாதியா அறுத்துட்டா. சட்டைக் கழுத்துல கம்பெனி பேரு போட்ட துணி இருக்குமே, அதைக்கூட பிரிச்சு எடுத்தா. பையில தொங்குத வாரெல்லாம் நான் வெட்டி, முனை பிரியாம தைச்சுக் குடுத்தேன். நூத்துப் பத்து கிராம் குறைஞ்சுதுப்பான்னு குதிக்கா. நூத்துப் பத்து கிராமுக்கு இவ்வளவு சந்தோசப்படுத ஆளை நான் பாத்ததில்லம்மா.

சாப்பாடுன்னா, பொரிகடலையும் கருப்பட்டியும் நிலக்கடலையும் மிக்ஸியில பொடிச்சு உருண்டை பிடிச்சா. மூணு நாளு அதையே தின்னு ஓடிப் பாத்தா. வயிறு கேக்குதா கேக்கலையான்னு அதுக்கும் ஒரு பரிச்சை.

உச்சி வெயில்லதான் ஓடுவா. நாங்க சின்னதுல அந்த நேரம் தேரியைத் தாண்டணும்னா கையில ஒரு கொப்பு ஒடிச்சு வச்சுக்குவோம். பத்து எட்டு ஓடுவோம், கால் பொறுக்காது, கொப்பைக் கீழ போட்டு அது மேல ஏறி நிப்போம். சூடு ஆறும். பெறவு பத்து எட்டு. அந்த மணல்ல இவ ஒம்போது கிலோ பையோட ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். நான் சைக்கிளை ரோட்டோரம் போட்டுட்டு, உடைமரத்து நெழல்ல தண்ணிக் கேனோட உக்காந்திருப்பேன்.

மொத நாளு வந்து ஷூவைக் கழட்டினா. உள்ள இருந்த மணலை ஒரு தேங்காய்ச் சிரட்டையில கொட்டினேன். ரொம்பிப் போச்சு. இதான்பா சிக்கல்னா. பாலைவனத்துல தோத்தவன்ல பாதிப் பேரு காலாலதான் தோத்தானாம். மணல் உள்ள போகும், தோல் உரசும், கொப்புளம் போடும், தோல் உரிஞ்சு வரும்.

அதுக்கு நான் இருக்கேன்லாட்டின்னேன்.

மொத பாவாடை ரெக்சின்ல தைச்சேன். அரைச் சிரட்டை மணல்தான், ஆனா கால் வேர்வையில வெந்துபோச்சு. ரெண்டாவது குடைத்துணி. உடைமுள்ளு கிழிச்சுட்டு. மூணாவது, பைக்குக்கு மூடுத கவர் இருக்குல்லா, அந்தத் துணி. லேசு, காத்தும் போகும். குத்தூசியால ஷூவைச் சுத்தி நைலான் நூல்ல வெல்க்ரோவைக் கையாலயே தைச்சேன், அங்குலத்துக்கு எட்டுன்னு எண்ணி, ஒவ்வொரு தையலுக்கும் முடிச்சு. அன்னைக்கு மூணு மணி நேரம் ஓடிட்டு வந்தா. ஷூவைச் சிரட்டை மேல கவுத்தினேன். ஒண்ணும் விழல. தட்டினேன். நாலஞ்சு பொடி.

அந்தச் சிரட்டையை எடுத்து அப்படியே என் தலையில கவுத்திட்டா. ராசாவுக்குக் கிரீடம்னா. ரோட்டுல போற டவுன் பஸ்சுல இருந்தவன் எல்லாம் எட்டிப் பாக்கான். நான் எடுக்கலையே. சைக்கிள்ல வீடு வரைக்கும் சிரட்டையோடதான் வந்தேன்.

டீ வந்துட்டு, குடிங்க. ஆறிடும்.

அந்த ஜோடியோட மூணு வாரம் ஓடினா. ஒரு தையல் விடல. ஆனா அது பழகுத ஷூ. பந்தயத்துக்குப் புது ஜோடி. வெக்கையில கால் வீங்குமாம், அதனால ரெண்டு நம்பர் கூட வாங்கணுமாம். அவளுக்கு ஆறு. இது எட்டு. மெட்ராஸ்ல இருந்து பார்சல்ல வந்துது. அதுக்குப் பாவாடை தைக்கணும்.

அதே வாரந்தான் பந்தயத்துக்கு நிரப்பிக் குடுக்குத பாரமும் வந்துது.

இந்த மெஷின் மேலதான் வச்சு நிரப்பினா. இங்கிலீசு. ஒவ்வொரு கட்டமா எனக்குத் தமிழ்ல சொல்லுவா, அவளுக்கு அது பழக்கம். என்ன ரத்தம், என்ன அலர்ஜி, எத்தனை பந்தயம் ஓடியிருக்க. அப்புறம் ஒரு கட்டத்துல பேனா நின்னுச்சு. என்னட்டின்னேன். ஒண்ணுமில்லப்பான்னா. ஒண்ணுமில்லாததைச் சொல்லேன்னேன். சொன்னா. ஓட்டத்துல செத்துப்போனா உடம்பை யார்கிட்ட அனுப்பணும்னு ஒரு கட்டமாம்.

அதுல என் பேரை எழுதினா. சுயம்புலிங்கம். போன் நம்பரு. உறவுமுறை, தகப்பன். சும்மா ரேசன் கார்டுக்கு எழுதுத மாதிரி எழுதினா.

அழிட்டின்னேன். சிரிச்சா. வேற யாருப்பா எனக்கு இருக்கான்னா.

நீங்க சொல்லுங்கம்மா. உசிரோட இருக்குத புள்ளை, நெஞ்சுக்கு நேரா உக்காந்து, தன் பிணத்துக்கு விலாசம் எழுதுதா. எந்தத் தகப்பனுக்குப் பொறுக்கும்? போகாதன்னு சொல்லியிருக்கலாம்லான்னு கோயில்மணி கேக்கான். சொல்லி நிப்பாட்டுத புள்ளையா அது? கல்யாணத்துக்கே ரெண்டு வருசம் கத்தியாச்சு.

மறுநாள் மத்தியானம் புது ஜோடியைத் தைக்க உக்காந்தேன். வெளிய ஆடிக் காத்து, ஷட்டரைப் பாதி இறக்கியாச்சு. கடைக்குப் பின்னால வீடு. உள்ள மிக்ஸி கடகடன்னு ஓடுது, உருண்டைக்குப் பொடிச்சுக்கிட்டு இருக்கா. நான் அலமாரியில கை விட்டேன். சீட் கவர் கடையில நைலான் நூலும் இருக்கும், காட்டன் நூலும் இருக்கும். காட்டன் எதுக்குன்னா, தைச்சுட்டுப் பிரிக்கப்போற வேலைக்கு. இழுத்தா அறுந்துரும். ரெண்டும் சாம்பல் நெறம். கரண்டு வேற இல்ல. கை மாறிப்போச்சு.

ரெண்டு ஷூவும் முடிக்க நாலு மணி ஆயிட்டு. வெளிய வந்து கையில வாங்கிப் பாத்தா. இழுத்துப் பாத்தா. புது நூலு, நல்லாத்தான் நிக்கும். எப்பா, ஒரு வாரம் இதைப் போட்டுத் தேரியில ஓடிப் பாக்கேன்னா. பரிச்சை பாக்காத சாமானைப் பந்தயத்துக்குக் கொண்டு போகக் கூடாதாம், அது அவங்களுக்கு வேதம் மாதிரி.

நான் கோவப்பட்டேன். எதுக்குட்டி புது ஷூவைத் தேய்க்க? என் தையலையா பரிச்சை பாக்கப் போறன்னு கேட்டேன்.

என் முகத்தைப் பாத்தா. பெறவு ஷூவைப் பெட்டியில வச்சு மூடிட்டா. சரிப்பா, ஒங்க தையலுக்கு என்ன பரிச்சைன்னுட்டா.

அந்த ஒரு வார்த்தை. சரி, விடுங்க.

புரட்டாசியில போனா. அங்க கூடாரத்துல ஒரு கம்ப்யூட்டர் உண்டாம், நாளுக்கு ஒரு சேதி அனுப்பலாமாம். அவகூட வேலை பாக்குத ரெஜினாங்குத புள்ளைக்குச் சேதி வரும். அந்தப் புள்ளை சாயங்காலம் எனக்குப் போன் போட்டு வாசிச்சுக் காட்டும். நல்ல புள்ளை. அண்ணாச்சின்னு சொல்லுதப்ப 'ண்ணா'வை ஒரு இழு இழுக்கும்.

மொத நாளு சேதி. சுகமா இருக்கேன். நாப்பத்திமூணாவதா வந்தேன். ஷூவுக்குள்ள ஒரு பொடி மணல் இல்லன்னு அப்பாகிட்டச் சொல்லு.

மொத நாளே தையல் விட்டிருக்கணும்லா. மொத நாளு பாதை ஊரை ஒட்டித்தான் போகுதாம், ஆம்புலன்சு கூடவே வருமாம், அங்க விட்டுச்சுன்னா ரெண்டு கொப்புளத்தோட சலிச்சுப்போய்த் திரும்பிருவா...

என்ன அப்படிப் பாக்கிய? நான் என்ன சொல்லிட்டேன்?

கரண்டு இல்லம்மா. ரெண்டு கண்டும் ஒரே நெறம்.

ரெண்டாம் நாளும் அதே சேதி. மூணாம் நாளும். நான் இங்க சோறு இறங்காம உக்காந்திருக்கேன். எப்படி நிக்குது, எப்படி நிக்குதுன்னு யோசிச்சா, பெறவுதான் பிடிபட்டுது. மெழுகு. குத்தூசி வேலைக்கு நூலை எடுத்ததும் மெழுகுக்கட்டியில ஒரு இழுப்பு இழுத்துட்டுத்தான் கோப்பேன். நாப்பத்தி ரெண்டு வருசப் பழக்கம், கை தானா செஞ்சிருக்கு. தையலுக்குத் தையல் முடிச்சும் போட்டிருக்கு. நூலுதாம்மா காட்டன். தையல் என்னுது. மட்டமா தைக்க இந்தக் கைக்கு வரல.

அதனால எங்க விடணுமோ அங்க விடாம, எங்க விடக்கூடாதோ அங்க விட்டுது. நாலாம் நாளு. அன்னைக்குத்தான் எம்பது கிலோமீட்டராம், நடுவுல முழுக்க மணல் மலையாம். அந்த மலைக்கு நடுவுல இடது காலு தையல் விட்டுச்சு. பின்னாலயே வலது. கட்டாயம்னு கொண்டுபோனால்லா பத்து ஊக்கு, அந்தப் பத்தையும் குத்திப் பாத்திருக்கா. நிக்குமா? அந்த ரெண்டு நம்பர் பெரிய ஷூவுக்குள்ள மணல் ரொம்பி, கால் உள்ள கிடந்து அரைபட்டிருக்கு. உக்காந்து கொட்டுவா, போடுவா, நடப்பா. அப்படி முப்பது கிலோமீட்டர் நடந்திருக்கா. விட்டுட்டு உக்காந்திருக்கலாம்லா? மாட்டா. டாக்டர் ஷூவைக் கழட்டினப்ப பாதத்துத் தோலு காலுறையோட வந்துட்டாம். போதும்னு எழுதிட்டாங்க.

அன்னைக்கு ரெஜினா போன்ல வாசிக்கல. அழுதுது.

ஐப்பசியில வந்தா. ஒரு பெரிய செருப்பைப் போட்டுக்கிட்டு, குதிகாலை மட்டும் ஊனி நடந்து வந்தா. எப்பவும் வந்தா மெஷினுக்கு இந்தப் பக்கம், என் பக்கத்துலதான் உக்காருவா. அன்னைக்கு அந்த ஸ்டூல்ல உக்காந்தா. நீங்க உக்காந்திருக்கியல்லா, அதுல. ஷூவை எடுத்து என் முன்னால வச்சா. அவ்வளவுதான்.

நான்தான் பேசினேன். நூல் மாறிப்போச்சு மக்கான்னேன்.

அவ அதுவரைக்கும் நூலைப் பத்தி வாயே திறக்கலம்மா.

வெல்க்ரோவுல தொங்கிக்கிட்டு இருந்த நூல்ல ஒரு சாண் உருவினா. சாமி படத்துக்கிட்ட இருந்த தீப்பெட்டியை எடுத்தா. எங்க தொழில்ல சந்தேகம் வந்தா அதான் பரிச்சை. நைலான்னா தீயைக் கண்டதும் சுருண்டு, கடுகு மாதிரி உருண்டு கெட்டியாயிரும். காட்டன்னா சாம்பலாப் போகும். பாவாடை கட்டுத வயசுலயே இந்தக் கடையில உக்காந்து அவ விளையாடுத விளையாட்டு அது.

கொளுத்தினா. மெழுகு போட்ட காட்டன்லா. கார்த்திகை விளக்குத் திரி மாதிரி நின்னு எரிஞ்சுது. கை சுடுத வரைக்கும் பிடிச்சிருந்தா. பெறவு சாம்பலை மெஷின் மேல ஊதாம வச்சா.

கரண்டு இல்ல மக்கான்னேன்.

இருந்துச்சுப்பா, அன்னைக்கு நான் மிக்ஸி போட்டுக்கிட்டு இருந்தேன்னா.

ரெண்டும் ஒரே நெறம்னேன்.

"தொட்டாலே ஒங்களுக்குத் தெரியும்லாப்பா."

உசிரோட வந்துட்டேல்லா, எனக்கு அது போதும்னேன். நெசந்தானம்மா? எல்லாரும் காலைப் பாக்காங்க. நான் உசிரைப் பாக்கேன். இன்னைக்கும் அதான் சொல்லுவேன்.

எந்திரிச்சா. செருப்பைத் தேடி மாட்டினா, மெதுவா, ஒவ்வொரு விரலா. வாசல்ல நின்னு சொன்னா.

"இனி செத்தாத்தான்பா இங்க வருவேன். அந்தக் கட்டத்துல பேரை மாத்தல."

பாத்தியளா? பேரை மாத்தலைன்னு சொன்னால்லா. ஒரு வருசமாகப் போகுது. போன் எடுக்க மாட்டேங்கா. மதுரைக்குப் போனேன், வீடு பூட்டிக் கிடந்துது. ஸ்டேசன்ல போய் நின்னேன், அவ ஏறுத ரயிலு தெரியாது. ஆனா பேரை மாத்தல. எத்தனை கோவம் இருந்தாலும் கடைசியில என்கிட்டத்தான் வரணும்னு நினைச்சிருக்கால்லா. அதை நினைச்சுத்தான் தினம் ஷட்டரைத் தூக்குதேன்.

சரி. ஷூவைக் குடுங்க, பாப்போம்.

ம். எட்டு.

ஒங்க காலு அஞ்சுதான் இருக்கும்மா. நீங்க செருப்பைக் கழட்டிட்டு உள்ள ஏறினப்பவே பாத்தேன். வாசல்ல நின்னு, 'அண்ணாச்சி இருக்காங்களா'ன்னு கேட்டியளே, அப்பவே குரலும் தெரிஞ்சுட்டு. அந்த இழுவை வேற யாருக்கு வரும். நீங்கதான ரெஜினா? தெரிஞ்சுதான் அம்புட்டையும் சொன்னேன். அவகிட்டப் போய்ச் சொல்லுவியன்னுதான்.

மறுபடியும் போறாளா? காலு ஆறிட்டா? நகம் முளைச்சுட்டா?

அழாதிய. போகட்டும். நான் தைச்சுத் தாரேன். எங்க தைக்கச் சொன்னா? அப்பாகிட்டயே குடுன்னு அவ வாயாலயா சொன்னா? என்ன சொன்னா, அப்படியே சொல்லுங்க.

அவரு தையல் மாதிரி வராது. அப்படியா சொன்னா?

பைக்குள்ள இன்னும் என்ன தேடுதிய?

ஓ. நூல்கண்டா.

நூலு குடுத்து விட்டிருக்காளா.

நல்லது. நல்ல நூலு. சாம்பல் நெறம்.

ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இந்த வருசம் பாரத்துல அந்தக் கட்டத்துல யாரு பேரை எழுதியிருக்கா, தெரியுமா?

ஏம்மா தலையைக் குனியுதிய?

ஒங்க பேரா.

சரி. சரிம்மா. நல்ல புள்ளை நீங்க. போன் நம்பரு சரியா எழுதியிருக்காளான்னு பாத்துக்கங்க.

தீப்பெட்டி அந்தச் சாமி படத்துக்கிட்ட இருக்கு. நூல்ல ஒரு சாண் அறுத்துக் கொளுத்திப் பாருங்க. இல்ல, அவ குடுத்த நூல்தான், எனக்கும் தெரியும். இருந்தாலும் நீங்களே கொளுத்திப் பாத்துட்டு, நீங்களே ஊசியில கோத்து என் கையில குடுங்க. பெறவு அந்த ஸ்டூல்லயே உக்காந்து, நான் தைச்சு முடிக்குத வரைக்கும் என் கையைப் பாத்துக்கிட்டே இருங்க.